யூட்டின் குழியில் இருக்கிற கை

அன்புள்ள மகனுக்கு,

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தேன். யூட்டின் தாய் திரேசக்காவிடம் போய்க் கேட்டும்விட்டேன். அவர் சொன்ன மறுமொழியை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். உனக்குப் பொறுமை இல்லை என்று தெரியும், அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. தபால் கந்தோரில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியே காலத்தைக் கழித்தவள் நான். ஒரு தடவையாவது நான் எழுதியதை யாராவது வரிசையாகப் படிக்கட்டும்.

நீ கேட்டதை நீ கேட்டபடியே இங்கே எழுதிவிடுகிறேன். "அம்மா, சேமக்காலையில யூட் அண்ணையின்ர குழிக்குள்ள இருக்கிறது மனிசக் கை இல்லை, ஆவுளியாவின்ர கை எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கட கடலில உந்தக் கடல்பசு இப்ப காணுறதே சரியான அருமை. அந்த எலும்பு எனக்கு ஆராய்ச்சிக்கு வேணும். திரேசா மாமிக்கு மெதுவா விளங்கப்படுத்திக் கேட்டுப் பாருங்கோ. எடுத்துப்போட்டுப் பழையபடி மூடி விடலாம்." கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வரச் சொன்னது போலச் சொன்னாய். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு படித்த பிள்ளைகள் வாசிக்கலாம், அவர்களைப் பெற்றவர்களும் வாசிக்கலாம். திரேசக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பிள்ளை, யூட்டின்ர பேரை மட்டும் பிழை விடாமல் எழுது" என்றார். எங்களைத் தெரியாதவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ ஆராய்ச்சிக்குப் போகிற இடத்தைப் பற்றிச் சொன்னாயே, அதை நான் இங்கே பலருக்கும் சொல்லிச் சிரித்தேன். ஒரே கட்டடமாம். மேல்மாடியில் காலம் என்றால் என்ன என்று கணக்குப் போடுகிற பௌதிகக்காரர்கள். நடுமாடியில் கூர்ப்பு ஆராய்கிறவர்கள், எந்த உயிர் எதிலிருந்து எப்படி மாறி வந்தது என்று எலும்பை வைத்துச் சொல்கிறவர்கள். கீழே, மருத்துவம் படிக்கிற பிள்ளைகளின் மனம் ஏன் உடைகிறது என்று பார்க்கிறவர்கள். உனக்கு இடம் நடுமாடியில் கிடைத்திருக்கிறது. உன் அப்பா கேட்டுவிட்டு, "மூண்டிலயும் இருந்து பாத்தவன் தானே, படி தேடி அலையமாட்டான்" என்றார். அவர் பகிடி விடுவது வருடத்துக்கு ஒரு முறை. இந்த வருடத்துக்கானது அது.

மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய்மார் எல்லாரும் மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். உன்னைத் தள்ளிவிட்டேனே, உன் ஆசையைக் கொன்றேனே என்று. நான் கேட்கப் போவதில்லை. உன்னை டொக்டருக்குப் படி என்று இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போக முதலே "நேற்று முடிஞ்சு எங்க போனது?" என்று கேட்டு என்னைச் சமைக்க விடாதவன் நீ. பௌதிகம் படிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீயாகத்தான் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பித்தாய், நீயாகத்தான் போனாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். பழி மட்டும் ஊர் முழுக்க என் தலையில்.

இரண்டாம் வருடத்தின் நடுவில், விடுமுறை இல்லாத காலத்தில், ஒரு காலை நீ வந்து படலையைத் திறந்தாய். இடது கையால் திறந்தாய். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தாய். ஏதோ காயம் என்று நினைத்தேன். சோறு போட்டால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாய். வலது கை மேசையில் கிடந்தது. அதை நீ பார்த்த விதம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. உன் கையைப் பார்ப்பது போல இல்லை. பக்கத்துக் கதிரையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து குந்தியிருந்தால் ஓரக் கண்ணால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாய். நான் தண்ணீர்க் கோப்பையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். விரல்கள் கோப்பையைப் பிடித்தன. நீ திடுக்கிட்டாய்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, பின்வாசற் படியில் இருந்துகொண்டு நீயாகவே சொன்னாய். கையை வெட்டிப் படிக்கிற கிழமையாம். மேசையில் கிடக்கிற உடம்பின் விரல்கள் இறுகி மடங்கியிருக்குமாம். ஒருவர் அந்தக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் வெட்டலாமாம். உன் முறை வந்தது. கை குலுக்குவது போலப் பிடித்தாய்.

"அது திருப்பிப் பிடிச்சது அம்மா."

நான் மீனைக் கீழே வைத்துவிட்டேன்.

"பெலமா இல்லை. தெரிஞ்ச ஆளைப் பிடிக்கிற மாதிரி. அண்டையில இருந்து இது என்ர கை இல்லை. நான் எடுக்க நினைக்க முதல் இது எடுக்குது."

உன் விடுதி அறையில் பௌதிகம் படிக்கிற பெடியன் ஒருவன் இருந்தான். அவனும் பாவம், உனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறான். அவர்களுடைய கணக்குகளில் 'இப்போது' என்று ஒன்று கிடையாதாம். நடந்ததும் நடக்கப் போவதும் ஒரே பாயில் விரித்தபடி கிடக்கிறதாம். ஒன்றும் போய்விடுவதில்லை, ஆகவே செத்தவர்களும் எங்கும் போய்விடவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். நீ அதைத் திருப்பிப் போட்டாய். "அப்பிடியெண்டா அந்த மேசையில நானும் இப்பவே கிடக்கிறன் தானே அம்மா. ஆரோ ஒரு பெடியன் என்ர கையைப் பிடிச்சிருக்கிறான். நான் தான் திருப்பிப் பிடிக்கிறன்." வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, கோழிகள் செதிலைக் கொத்திக்கொண்டு நின்றன, எனக்குக் குளிர்ந்தது.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். நான் முதலில் நோய்க்குத்தான் பார்த்தேன். பேய்க்குப் பார்க்கச் சொல்லி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். மனநலத்துக்குப் பார்க்கிற டொக்டர் ஒரு இளம் பெண். உன்னோடு நெடுநேரம் கதைத்தார். குளிசை தந்தார். என்னிடம், "உங்கட மகன் முதல் ஆள் இல்லை அம்மா, கடைசி ஆளும் இல்லை. சொன்ன ஆள், அவ்வளவுதான்" என்றார். அந்தக் குளிசை உனக்கு உதவியது. அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவதை வாசிக்கிற யாராவது குளிசையைத் தூக்கி எறிந்துவிட்டு மணலில் கை தேடப் போய்விடக் கூடாது.

இப்போது திரேசக்கா. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வளவு. ஒரே மகன் யூட். சண்டைக் காலத்தில் ஒரு காலை, "விடத்தல்தீவுக்குப் போய் வலையைப் பாத்துக்கொண்டு பின்னேரம் வாறன்" என்று சொல்லிப் போனவன். எந்தப் பின்னேரமும் வரவில்லை. கடல் எடுத்ததா, கரையில் யாரும் எடுத்தார்களா, ஒருவருக்கும் தெரியாது. சண்டை முடிந்த பிறகும் ஆவணியில் மடுக் கோயில் திருநாளுக்கு அவன் உடுத்த சேட்டு ஒன்றைப் பைக்குள் வைத்துக் கொண்டு போய்த்தான் மாதாவைக் கும்பிடுவார். கார்த்திகையில் இறந்தவர்களின் நாள் வந்தால் சேமக்காலையில் எல்லாரும் தங்கள் தங்கள் குழிகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். திரேசக்கா திரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவது என்று தெரியாமல் நிற்பார். சில வருடம் என் மாமியாரின் குழியில் ஓர் ஓரம் கேட்பார். "இரவல் குழி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

நீ வந்திருந்த அந்த வருடம் சோளகக் காற்று கடுமையாக அடித்தது. உனக்கு நினைவிருக்கும், சோற்றுப் பானைக்குள் மணல். ஒரு நாள் முற்பகலில் காற்று நின்றது. நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த அமைதியில் யாரோ ஓடி வந்து, "மணலுக்குள்ள இருந்து கை ஒண்டு வந்திருக்கு, மெடிக்கல் படிக்கிற தம்பியை வரட்டாம்" என்றார்கள். கையைப் பார்க்க உன்னைக் கூப்பிட்டார்கள். நான் விடமாட்டேன் என்றேன். நீ எழும்பிவிட்டாய். நான் செருப்பும் போடாமல் பின்னால் வந்தேன்.

நான் நானாட்டான் வயற்காட்டில் பிறந்தவள். குளமும் வரம்பும்தான் எனக்கு நிலம். கலியாணம் கட்டி வந்து இத்தனை காலமாகியும் இந்தக் கரையை நான் நம்பியதில்லை. நேற்றிருந்த மேடு இன்றைக்கு இருக்காது. அன்றைக்குச் சனம் வட்டமாக நின்றது. நடுவில் திரேசக்கா காலை மடித்துக் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் மணலில் இருந்து கை ஒன்று எழும்பி நின்றது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. ஐந்து விரல்களின் எலும்பும் காய்ந்த நரம்பில் கோத்தபடி, கொஞ்சம் மடங்கி, தண்ணீர் கேட்பது போல இருந்தது. நான் சிலுவை போட்டேன். திரேசக்கா தன் சேலைத் தலைப்பை அதற்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், சமையல் கதை சொல்வது போல, அதனோடு கதைத்துக்கொண்டிருந்தார். கழுதைகள் நாலைந்து தூரத்தில் நின்று எங்களையே பார்த்தன.

"தம்பி, வடிவாப் பார்," என்றார். "ஊருக்குக் கேக்கச் சொல்லு."

நீ முழங்காலில் இருந்தாய். வலது கையை வெளியே எடுத்தாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், மகனே. எத்தனையோ நாளுக்குப் பிறகு அதை நீயாக எடுத்தாய். மணலைத் தள்ளி மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை தோண்டினாய். எலும்பைத் தூக்கிப் பாரம் பார்த்தாய். கல்லைப் போலக் கனத்தது என்று பிறகு சொன்னாய். உன் நெற்றியில் இருந்து வேர்வை அதன்மேல் சொட்டியது. பிறகு நிமிர்ந்து, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய்.

"இது மனிசக் கை இல்லை. மணிக்கட்டு எலும்புகள் ஒண்டோடொண்டு ஒட்டிக் கிடக்கு, கை எலும்பு கட்டை. இது ஆவுளியா. கடல்பசு, கடல்பண்டி எண்டு சொல்லுறது."

ஒருவருடைய முகமும் மாறவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆச்சரியம் இல்லை, ஏமாற்றம் இல்லை, கோபம் இல்லை. நீ வாயே திறக்காதது போல நின்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்வார்கள், அன்றைக்கு ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. திரேசக்கா "ஓம் தம்பி, நல்லது" என்று சொல்லி, பையில் இருந்து யூட்டின் அந்தச் சேட்டை எடுத்து விரித்தார். உன் அப்பா போய் வீட்டில் இருந்து பலகைப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அவருமா என்று எனக்குத் தலை சுற்றியது. வெயிலில் அத்தனை பேர் நடக்கிறார்கள், பேச்சில்லை, காற்றில்லை, மணலில் கால் புதைகிற சத்தம் மட்டும். கனவில்தான் இப்படி நடக்கும்.

நீ என்னருகே வந்தாய். உன் உதடு வெளிறியிருந்தது.

"அம்மா, நான் அதைச் சத்தமாச் சொன்னனானோ? இல்லாட்டி மனசுக்குள்ளயோ?"

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்று எனக்கு விளங்கியது. நீ கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு கெதியாக மறுமொழி சொன்னதில்லை.

"சத்தமாத்தான் சொன்னனீ. நான் கேட்டனான். ஆவுளியா எண்டு சொன்னனீ."

நீ மூச்சை விட்டாய். என் தோளைப் பிடித்தாய், வலது கையால். நீ அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

சேமக்காலையில் மேற்கு மதிலோடு குழி வெட்டினார்கள். சுவாமி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியைத் திறக்கவும் சொல்லவில்லை. பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்கவில்லை, குழிக்கு மட்டும் தெளித்துச் செபம் சொல்லிவிட்டுப் போனார். திருச்சபைச் சட்டம் தெரிந்த மனிசன். திரேசக்கா மடு மண்ணை ஒரு பிடி போட்டார், பாம்பு கடிக்காமல் இருக்க வீட்டு மூலைகளில் போடுகிற அதே மண். சிலுவையில் யூட்டின் பெயரை எழுதினார்கள். நாங்கள் இருவரும் மதிலோடு நின்று, இந்தச் சனத்துக்கு என்ன விசர் என்று கண்ணால் கதைத்துக்கொண்டோம். படித்தவன் ஒருவனும் வயற்காட்டுக்காரி ஒருத்தியும் தவிர, ஊரே ஏமாந்து போய் நிற்கிறது என்றுதான் நினைத்தோம்.

அதற்குப் பிறகு நீ மெல்ல மெல்லத் தேறி வந்தாய். ஒரு மத்தியானம் மீன் முள்ளை வலது கை விரலால் எடுத்துப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். குளிசையா, டொக்டரின் கதையா, அந்தக் கையா என்று நான் தராசு பிடிக்கவில்லை. நீ திரும்பிப் போனாய், படித்து முடித்தாய், டொக்டர் ஆனாய். பிறகு ஒரு விடுமுறையில் வந்து சொன்னாய், உன் மேசையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கிழமை ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று. ஒரு பிள்ளை மாதக்கணக்காகக் கண்ணாடி பார்க்கவில்லையாம். ஒருவன் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருக்கிறான். "ஒருத்தருக்கும் ஒருத்தர் சொல்லேல்ல அம்மா. நான் மட்டும் தான் எண்டு எல்லாரும் நினைச்சிருக்கிறம்." இதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். எங்கள் ஊர் எல்லாம் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தது, அதனால் ஒரு தாய் பிழைத்தாள். உங்கள் வகுப்பும் ஆளாளுக்குத் தனக்கு நடந்ததை மறைத்துப் பேசாமல் இருந்தது, பிள்ளைகள் தனித்தனியாக உடைந்தார்கள். பேசாமல் இருப்பதிலும் இத்தனை வித்தியாசம் இருக்கிறது. உன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறவர்களுக்கு இது உதவுமென்றால் சொல்லிவிடு. நான் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை.

ஊர் தெரிந்துகொண்டுதான் இருந்தது என்பது எனக்குப் போன ஞாயிறு வரை தெரியாது. இப்போது அதற்கு வருகிறேன்.

பூசை முடிந்து நேராகத் திரேசக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கதிரை போட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உன் ஆராய்ச்சியில் இருந்து தொடங்கினேன். நீ எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் சொன்னேன். மனிசனின் கை, வௌவாலின் செட்டை, ஆவுளியாவின் துடுப்பு எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே கைதான் என்று. ஆவுளியாவின் முன்னோர் ஒரு காலத்தில் கரையில் நடந்த மிருகங்கள், பிறகு கடலுக்குள் போய்த் திரும்பி வராமல் விட்டன என்று. அதைச் சொன்னதும் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரேசக்கா கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி, "ஓ, கரையில இருந்து போனதுதானே" என்றார்.

பிறகு நான் மெதுவாக, "அக்கா, யூட்டின்ர குழிக்குள்ள இருக்கிறது..." என்று இழுத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஆவுளியாவின்ர கை. ஏன் பிள்ளை, நான் என்ன உங்கட நானாட்டானிலயே பிறந்தனான்? சின்னனில ஆவுளியா இறைச்சி திண்டு வளந்தவள். அதின்ர துடுப்பை உரிச்சு நாய்க்குப் போட்டவள். மணலில கண்ட உடனயே எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். உன்ர மனிசனுக்குத் தெரியாதே?"

எனக்கு முகம் எரிந்தது. "பின்ன ஏன் அக்கா என்ர பெடியனைக் கூப்பிட்டனீங்கள்?"

"அவன் சொல்லோணும் எண்டுதான். மெடிக்கல் படிக்கிற பிள்ளை ஊருக்கு முன்னால மிருகம் எண்டு சொன்னாப் பிறகு பொலிஸ் ஏன் வருது? மனிசக் கையோ எண்டு ஒரு சின்னச் சந்தேகம் வந்திருந்தாலும் நாடா கட்டி, பெட்டியில போட்டுக் கொழும்புக்குக் கொண்டு போயிருப்பாங்கள். ஆரின்ர கை எண்டு முடிவு வர நான் செத்துப் போயிடுவன். மிருகம் எண்டா எனக்கு. ஒருத்தரும் கேட்டு வரமாட்டினம்."

அன்றைக்கு அந்த முகங்கள் ஏன் மாறவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் உன் சொல்லுக்காகவே காத்து நின்றிருக்கிறார்கள். தன் கையையே நம்பாமல் வந்திருந்த பிள்ளையின் வாய்ச்சொல்லை ஊரே நம்பியிருந்திருக்கிறது. இது உனக்குத் தெரிய வேண்டும்.

வந்தது வந்துவிட்டேன், கேட்டுவிட்டேன். "அக்கா, இப்ப அது அவனுக்கு வேணுமாம்."

அவர் கருவாட்டை விட்டுவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். கோபம் இல்லை. குழந்தையை எழுப்பாமல் கதைக்கிறவர்களைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அதில யூட் பழகிற்றான் பிள்ளை. முதல் வருசம் வரேல்ல. திரி கொளுத்தக் கொளுத்த நூந்துது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பழக்கினனான். இப்ப காத்திலயும் நிண்டு எரியுது."

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

"அவன் மட்டுமில்லை. விடத்தல்தீவில இருந்து ஒருத்தி வாறா. உன்ர நானாட்டான் பக்கத்தால ஒராள். அக்கரையில இருந்து ஒரு கிழவி. முசலியில இருந்து முஸ்லிம் பொம்பிள ஒராள், அவ திரி கொளுத்தமாட்டா, மதிலுக்கு வெளியில நிண்டு துஆ ஓதிப்போட்டுப் போவா. எல்லாருக்கும் இன்னும் வராத ஆக்கள் இருக்கினம். நாங்கள் ஆளுக்கொரு விரலாப் பிரிச்சு எடுத்திட்டம். சின்ன விரல் யூட்டுக்கு. ஐஞ்சும் முடிஞ்சுது. இப்ப எடுத்தா எல்லாரும் எழும்பிப் போயிடுவினம்."

முற்றத்தில் வெயில். காகம் ஒன்று கருவாட்டைக் கொத்த வந்தது, அவர் கையை வீசி விரட்டினார். நான் விசர் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இதைச் சொல்லும்போது அவருடைய முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கை நான் சொல்கிறபோதுகூட என் முகம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

உனக்காக இன்னும் ஒரு தரம் முயன்று பார்த்தேன், தாய்தானே. "அக்கா, ஆவுளியாவுக்கு ரெண்டு கையெல்லோ. மற்றது உந்த மணலுக்குள்ள எங்கயோ கிடக்கும். காத்தில வெளிப்பட்டா அதை எண்டாலும் அவன் எடுக்கட்டுமே?"

திரேசக்கா என் முழங்காலில் தட்டினார், உண்மையாகவே வருத்தப்பட்டார். "முதலே கேட்டிருக்கலாமே பிள்ளை. அதையும் சொல்லிற்றினமே. சோளகம் விட்டு நிக்கேக்க மத்தியான வெயிலில பொம்பிளையள் குனிஞ்சு குனிஞ்சு நடந்து திரியிறதை நீ காணேல்லையே? மட்டி பொறுக்கினம் எண்டே நினைச்சனீ?"

கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கண்டிருக்கிறேன். மட்டி பொறுக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே மகனே, எங்கள் கரையில் உனக்குத் தருவதற்குக் கை இல்லை. இருக்கிற ஒன்றில் ஆட்கள் இருக்கிறார்கள், இன்னும் வெளிப்படாத மற்றதற்கும் ஆட்கள் பேசி வைத்துவிட்டார்கள். நீ உன்னுடையதைக் கொண்டு போ.

அம்மா